வேலைக்காரர்கள் ஏன் நிலைப்பதில்லை?

  

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னர், கூடுவாஞ்சேரியில் துணிக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்து அமர்ந்தார். ஐந்து வேளைத் தொழுகையாளி. ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். பள்ளிவாசலுக்கு இரண்டு மின்விசிறிகள் வாங்கித் தந்தவரும் அவரே.

"ஹஜ்ரத்! கடையில் ஒருத்தனும் நிலைக்க மாட்டேங்கிறான். ஒரே வருஷத்தில் அஞ்சு பேர் போயிட்டானுங்க. யாரோ கண் வச்சிட்டாங்க போல. ஏதாவது ஓதிக் கொடுங்க, வாசல்ல கட்டி வைக்கிறேன்" என்றார்.

அவருக்காக துஆச் செய்தேன். ஓதிக் கொடுப்பதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின் ஒரு பையன் வந்தான். வயது இருபது இருக்கும். போன ஐந்து பேரில் அவனும் ஒருவன். "ஹஜ்ரத், ஒரு மாசம் பதினோரு நாள் சம்பளம் நிக்குது. பத்தாவது மார்க் ஷீட்டும் பாய்கிட்டதான் இருக்கு. போய்க் கேட்டா, சொல்லாம ஓடினவனுக்கு என்னடா சம்பளம்னு கேக்கிறார். நீங்க சொன்னா கேப்பார்" என்றான்.

ஏன் தம்பி விட்டுப் போனாய், சம்பளம் போதவில்லையா என்று கேட்டேன். சம்பளம் பரவாயில்லை என்றான். வேலை அதிகமா என்றேன். அதுவும் இல்லை என்றான். கொஞ்ச நேரம் பாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேலை பார்க்க வந்தவங்க முன்னாடி எங்கம்மாவைச் சொல்லித் திட்டிட்டார் ஹஜ்ரத்" என்றான்.

சகோதரர்களே! இதற்கு எதை ஓதி எந்த வாசலில் கட்டுவது?

அந்தச் சகோதரர் தேடிய மருந்து திருமறையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வாசலில் கட்டுவதற்குரியதன்று. சூரத்து ஆல இம்ரானின் 159-வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். அது இறங்கிய சந்தர்ப்பத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுப் போர். மலைக்கணவாயில் 50 வில்லாளிகளை நிறுத்தி, எங்களுக்கு வெற்றி கிடைத்தாலும் தோல்வி வந்தாலும் இவ்விடத்தை விட்டு நகராதீர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். வெற்றி கிடைத்துவிட்டதென்று எண்ணி அவர்களில் பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். அதன் விளைவாக 70 ஸஹாபாக்கள் ஷஹீதாயினர். நாயகம் (ஸல்) அவர்களுடைய திருமுகம் காயமுற்றது, பல் உடைந்தது. ஒரு தலைவர் தம் கீழுள்ளவர்களைக் கடிந்து கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் இருக்க முடியுமா?

அந்தச் சமயத்தில் இறங்கிய வசனத்தின் கருத்து இது: அல்லாஹ்வின் அருளினாலேதான் நபியே, நீர் அவர்களிடம் மென்மையாக நடந்துகொண்டீர், சொல்லில் கடுகடுப்பும் உள்ளத்தில் கடினமும் உடையவராக நீர் இருந்திருப்பீரானால் அவர்கள் உம்மை விட்டுச் சிதறிப் போயிருப்பார்கள். ஆகவே அவர்களை மன்னித்துவிடும்படியும், அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடும்படியும், காரியங்களில் அவர்களிடம் ஆலோசனை கேட்கும்படியும் அல்லாஹுதஆலா கட்டளையிடுகிறான். தவறு செய்தவர்களிடமே ஆலோசனை கேட்கச் சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள்!

யாருடைய சபையைப் பற்றி இது சொல்லப்படுகிறது? வஹீ இறங்கிய சபை. உயிரைக் கொடுக்கச் சித்தமாயிருந்தவர்களின் சபை. அங்கேயே கடுஞ்சொல் புகுந்திருந்தால் ஆட்கள் சிதறிப் போயிருப்பார்கள் என்று படைத்தவன் சொல்லும்போது, நம்முடைய துணிக்கடையும் இரும்புக்கடையும் எம்மாத்திரம்? பையன்களுக்கு நன்றியில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்று பேசுகிறோமே, அந்த வசனம் கலைந்து போகிறவர்களின் குணத்தைப் பேசவில்லை. தலைமையில் இருப்பவரின் நாவையும் உள்ளத்தையும்தான் பேசுகிறது.

வெளிநாட்டார் இதைக் கணக்கெடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கேலப் என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனம் 7,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்து 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இருவரில் ஒருவர், தம் வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் மேலதிகாரியிடமிருந்து தப்புவதற்காகவே வேலையை விட்டிருக்கிறார் என்பது அதில் தெரியவந்தது. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 3,000-க்கும் அதிகமான ஆண் ஊழியர்களை ஏறத்தாழ 10 ஆண்டுகள் கவனித்து 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நல்ல முறையில் நடத்தும் மேலாளரிடம் வேலை செய்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற இருதய நோய் குறைவாகவும், மோசமான மேலாளரிடம் இருந்தவர்களுக்கு அதிகமாகவும் வந்ததாக அது கூறியது. விட்டுப் போக வழியற்றவன் உடம்பால் விலை கொடுக்கிறான் போலும்.

அவ்வளவு தூரம் போவானேன்? காலையில் நம்மூர் ரயில் நிலையத்தில் போய் நில்லுங்கள். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார வண்டியில், மாம்பலத்தில் இறங்கித் தியாகராய நகர்க் கடைகளுக்குப் போகும் ஆண்களும் பெண்களும் எத்தனை பேர்! வண்டியில் இடம் கிடைக்காவிட்டால் முக்கால் மணிக்குமேல் நின்றுகொண்டே போகிறார்கள். கடைக்குள் போன பிறகும் நிற்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது என்று பல கடைகளில் வழக்கமாயிருந்தது. கால் வீங்கி, நரம்பு சுருட்டிக்கொண்டு அவதிப்படுகிற பெண்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

இதற்காகவே 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க வேண்டியதாயிற்று. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து கொடுக்க வேண்டுமென்பது அதன் சாரம். கேரளத்தில் இதற்கு முன்னரே 2018-இல் இப்படி ஒரு திருத்தம் வந்தது. ஒரு மனிதன் உட்காருவதற்குச் சட்டம்! முதலாளிமாரின் நெஞ்சில் ஈரமிருந்திருந்தால் இந்தச் சட்டத்துக்கு வேலை ஏது? சட்டம் வந்தபின் எத்தனை கடைகளில் நாற்காலி வந்தது என்பதை, நம் வீட்டுப் பெண்மணிகள் அடுத்த முறை பெருநாள் துணி எடுக்கப் போகும்போது கண்ணால் பார்த்து வரட்டும். கேட்கவும் செய்யலாம். வாங்குகிறவர் கேட்டால் கடைக்காரர் காதில் விழும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் இதற்கு வைத்த அளவுகோல் புகாரி ஷரீபில் இருக்கிறது. ஹஜ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் ஒரு சமயம் கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். அபூதர் யார்? இஸ்லாத்தை ஆரம்பத்திலேயே ஏற்றவர். உண்மை பேசுவதில் பெயர் பெற்றவர். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டதும், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யாக் காலத்துக் குணம் ஒட்டியிருக்கிறது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பிறகு, உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். அல்லாஹ் அவர்களை உங்கள் கைக்குக் கீழே ஒப்படைத்திருக்கிறான். நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள், சக்திக்கு மீறிய சுமையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்னும் கருத்தில் உபதேசித்தார்கள். அதன் பின்னர் அபூதர் (ரலி) எப்படி மாறினார்கள் என்றால், ரபதா என்ற ஊரில் அவர்களைப் பார்த்த ஒருவர், எஜமானரும் ஏவலாளும் ஒரே மாதிரி உடை உடுத்தியிருப்பதைக் கண்டு அதிசயித்துக் காரணம் கேட்டார். அந்தக் கேள்வியினால்தான் இந்த ஹதீஸே நமக்குக் கிடைத்தது.

தாயைச் சொல்லித் திட்டுவது நம் கடைத்தெருவில் கோபத்தின் முதல் வார்த்தையாகிவிட்டது. "வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். அபூதரின் (ரலி) மனத்தைவிடவா நம் மனம் தங்கம்? அவர்களுக்கே அந்தச் சமாதானம் செல்லவில்லையே!

உண்பதை உண்ணக் கொடுப்பது என்றேன். 2021 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டினால் நோயுற்று, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் விசாரணை நடத்தி, சில விடுதிகளும் உணவறைகளும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் ஆலை திரும்பத் திறந்தது. விலை உயர்ந்த தொலைபேசியைச் செய்கிற கைகளுக்கு வந்த சோறு அது! அந்த அதிகாரிகளில் ஒருவர் ஒரு வேளை அந்தப் பெண்களுடன் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பும் கதை இதேதான். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. நம் நாட்டின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதற்கு அடிப்படையாயிருந்தது பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளரின் மனக்குமுறல். மதியம் சாப்பிடக் கொடுத்த நேரம் போதவில்லை, மேற்பார்வையாளர்கள் திட்டுகிறார்கள், கை நீட்டுகிறார்கள் என்பவை அவர்கள் செல்வபதி செட்டியார் போன்றவர்களிடம் வந்து முறையிட்டவற்றில் முக்கியமானவை. கூலியைப் போலவே கௌரவமும் அன்று வழக்காயிருந்தது.

இதையெல்லாம் எழுதும்போது நானும் மாதச் சம்பளம் வாங்குகிறவன்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. முன்பு நான் இமாமாக இருந்த ஓர் ஊரில், பெயர் வேண்டாம், பாங்கு இரண்டு நிமிடம் பிந்திவிட்டதென்று நிர்வாகி ஒருவர் தொழ வந்தவர்கள் அனைவர் முன்னிலையிலும் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். பிந்தியது என் தவறே. தனியே அழைத்துக் கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அன்று நான் தொழுவித்த தொழுகையில் என் மனம் எங்கே இருந்தது என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். அந்த ரமலான் முடிந்ததும் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். இமாம் நிலைப்பதில்லை என்று குறைப்படும் மஹல்லாக்கள் எத்தனையோ உண்டு. நிர்வாகத்தார் அடுத்த இமாமுக்கு விளம்பரம் கொடுப்பதற்கு முன், போனவர் ஏன் போனார் என்று அவரையே ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும்.

என் பக்கத்துக் கணக்கும் சுத்தமில்லை. மக்தபில் ஓதவரும் பிள்ளைகளுக்கு நான்தானே முதலாளி? சூரா மறந்துபோன ஒரு சிறுவனை எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும்படி நான் பேசிவிட்டேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அவன் வீட்டுக்கு மூன்று முறை நடந்த பிறகே திரும்பி வந்தான். வந்தவன் இன்றைக்கும் என் முகத்தைப் பார்த்து ஓதுவதில்லை.

அனஸ் (ரலி) அவர்களை நினைக்கும்போதுதான் வெட்கமாயிருக்கிறது. பத்து வயதில் பெருமானாரின் பணிக்கு வந்தார்கள். பத்து ஆண்டுகள் பணிசெய்தார்கள். அவ்வளவு காலத்தில் ஒரு தடவைகூட என்னைச் சீ என்று சொன்னதில்லை, இதை ஏன் செய்தாய் என்றோ அதை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று பின்னாளில் அவர்களே அறிவிக்கிறார்கள். ஒருநாள் ஏதோ வேலையாக அனுப்பப்பட்ட அனஸ், கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். யாரோ பின்னாலிருந்து பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! செல்லமாகப் பெயரைச் சுருக்கி அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் யா ரஸூலல்லாஹ் என்று பிள்ளை ஓடிற்று. முஸ்லிம் ஷரீபில் உள்ள செய்தி இது. நம் கடைப் பையன் டீ வாங்கப் போய்க் கால்மணி நேரம் பிந்தினால் என்ன நடக்கிறது?

வேலை செய்பவருக்கும் கடமை உண்டு. பேசிய நேரத்தைத் திருடக் கூடாது, ஒப்படைத்த பொருளில் துரோகம் கூடாது, போவதாயிருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்தப் பையனிடம் இதையும் சொன்னேன், சொல்லாமல் போனது பிசகு என்று. பேசிய தவணை முடிந்து ஒருவன் விலகுவது பாவமுமில்லை, நன்றிகேடுமில்லை. அநீதிக்குள்ளானவன் அதைப் பிறரிடம் எடுத்துச் சொல்லவும் சூரத்துன் நிஸாவின் 148-வது வசனம் இடங்கொடுக்கிறது. ஆகவே பையன் என்னிடம் சொன்னது புறம் ஆகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்காரச் சகோதரர் தாவீஸ் கேட்டு மறுபடி வந்தார். பையன் வந்ததைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "சொல்லாமக் கொள்ளாமப் போனான் ஹஜ்ரத். பெருநாள் சமயம். எனக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?" என்றார். நஷ்டம் உண்மையாயிருக்கலாம், ஆனால் அவன் வேலை செய்த ஒரு மாதம் பதினோரு நாள் அவனுடைய ஹக்கு, அதை நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது என்றேன். கூலிக்கு ஆள் அமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப்போவதாக அல்லாஹுதஆலா அறிவித்திருப்பதைச் சொன்னேன். நாட்டுச் சட்டமும், 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில், தானாக விலகியவனுக்கும் 2 வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்கச் சொல்கிறது என்றேன். சான்றிதழைப் பிடித்து வைப்பது அவன் அடுத்த வேலைக்குப் போகும் வழியை அடைப்பதல்லவா என்றும் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு குகையில் அகப்பட்ட மூவரின் ஹதீஸைச் சொன்னேன். நீங்கள் அறிந்ததுதான். முன்சென்ற ஒரு கூட்டத்தார் மூவர் ஒதுங்கிய குகை வாயிலைப் பாறை மூடிக்கொண்டது. ஒவ்வொருவரும் தாம் அல்லாஹ்வுக்காகச் செய்த ஒரு நல்லமலைச் சொல்லி துஆக் கேட்டார்கள். ஒருவர் பெற்றோருக்குச் செய்த பணியைச் சொன்னார். ஒருவர் தகாத காரியத்திலிருந்து விலகியதைச் சொன்னார். மூன்றாமவர் ஒரு முதலாளி. அவரிடம் வேலைசெய்த ஒருவன் கூலியை வாங்காமலே போய்விட்டான். இவர் அந்தக் கூலியைத் தனியே வைத்துப் பெருக்கினார். நெடுங்காலம் கழித்து அவன் வந்து என் கூலியைக் கொடு என்று கேட்டபோது, கண்ணில் தெரியும் ஒட்டகம், மாடு, ஆடு அத்தனையும் உன் கூலிதான், ஓட்டிக்கொண்டு போ என்றார். என்னைப் பரிகாசம் செய்யாதே என்றான் அவன். பரிகாசமில்லை என்றார். ஒன்றையும் விடாமல் அவன் ஓட்டிச் சென்றான். அந்த அமலைச் சொல்லிக் கேட்டபோது பாறை முழுதுமாக விலகிற்று.

விட்டுப் போனவனுடைய கூலி அது, என்றேன். சகோதரர் எழுந்து ஸலாம் சொல்லிப் போய்விட்டார். தாவீஸைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அதற்கடுத்த வாரம் ஓர் உறையைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். பணமும் மார்க் ஷீட்டும் இருந்தன. "நீங்களே அவன்கிட்டக் கொடுத்திடுங்க ஹஜ்ரத், எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். நான் வாங்கவில்லை. அவன் இப்போது ஊரப்பாக்கத்தில் ஒரு கடையில் இருக்கிறான், அடுத்த ஸ்டேஷன்தானே, நீங்களே போய்க் கையில் கொடுங்கள், அவன் அம்மாவைச் சொன்ன வார்த்தைக்கும் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

போய்க் கொடுத்தாரா என்பது தெரியவில்லை. பையனும் அதன் பிறகு வரவில்லை. இன்ஷா அல்லாஹ், இந்த வாரம் ஊரப்பாக்கம் போய் விசாரிக்க வேண்டும்.